பத்தாவது வாக்கியம்

செப்டம்பர் 3, புதன்

"காபி வேணுங்களா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்கிறார். சரி என்று டம்ளரோடு திரும்பினால் முறைக்கிறார். பேப்பர்? வேண்டாம். ஃபேன் போடட்டுங்களா? வேண்டாம். உங்க பேர் என்ன சார் என்று டாக்டர் கேட்டதற்கும் வேண்டாம்தான். மார்ச் மாதம் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்து வலது கையும் பேச்சும் போன பிறகு, என் கணவர் சென்னியப்பனிடம் மிச்சமிருக்கும் ஒரே சொல் அது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில்தான் ஒன்றே ஒன்று.

இருபது வருடத்துக்கு மேல் அவர் என்னிடம் அதிகமாகச் சொன்ன சொல்லும் அதுவே. நான் வேலைக்குப் போக வேண்டாம். தங்கையோடு ராமேஸ்வரம் போக வேண்டாம். சமைக்கும்போது பாட வேண்டாம். நாள் முழுக்கப் பட்டறையில் லேத் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீடாவது அமைதியாக இருக்க வேண்டும். கத்தியதில்லை, கை ஓங்கியதில்லை. சோற்றுத் தட்டிலிருந்து தலை நிமிராமல் சொல்வார். இத்தனை சொற்களையும் தொலைத்த மூளை இதை மட்டும் ஏன் பத்திரப்படுத்தியது என்று இன்று மெர்லினிடம் கேட்க வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மெர்லின் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். முப்பது வயது இருக்கும். இசை மூளையில் என்ன செய்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. பேச்சு போனவர்களை முதலில் பாட வைத்து, அங்கிருந்து மெதுவாகப் பேச்சுக்கு இறக்கிக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறாள். இன்று எங்களையும் அதில் சேர்த்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் திரையில் அவர் தலையின் படத்தைக் காட்டினாள். இடது பக்கம் ஓரிடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"பேச்சை உண்டாக்குற இடம் பெரும்பாலும் இந்தப் பக்கம் அக்கா. சாருக்கு அடி அங்கதான். பாடும்போது வலப்பக்கமும் சேர்ந்துக்கும். அதனால மெட்டு வழியா சுத்திக் கூட்டிட்டு வர முடியுமான்னு பாக்கறோம்."

கூட வந்திருந்த அவருடைய அக்கா, என் நங்கை, உடனே கேட்டார்: "அப்ப இனிமேலுக்கு இவன் சோறு கேக்கறதே பாட்டாத்தான் கேப்பானா? கூத்துக்காரனாட்டம்?"

அவரும் சிரித்தார். சிரிப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அது அடைபடவில்லை.

ஆராய்ச்சி இரண்டு பாதி. முதல் பாதியில் வீட்டு ஆளின் பழகிய குரல் பாடிக்காட்டும். அடுத்த பாதியில் அந்நியக் குரல். எது அதிகம் உதவுகிறது என்று ஒப்பிடுவார்கள். வீட்டில் யார் பாடுவது என்று மெர்லின் கேட்டாள். "எனக்கு ஒப்பாரிதான் கண்ணு வரும். இவ பள்ளிக்கூடத்துல பாட்டுப் படிச்சவ" என்று நங்கை என்னைக் கைகாட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரைத் தவிர.

செப்டம்பர் 6, சனி

மெர்லினுக்கு ஒரு விஷயம் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் இந்த வீட்டில் இருப்பவள் இல்லை. போன வருடம் ஜூன் மாதம் இங்கிருந்து கிளம்பி கரூர் போய்விட்டேன். அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். மாடியில் ஓர் அறை, ஜன்னலில் நான்கு தொட்டிச் செடிகள். சண்டை எதுவும் நடக்கவில்லை. வேலை கிடைத்திருக்கிறது என்றேன். வேண்டாம் என்றார். நான் போனேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு நாற்பத்தைந்து வயது ஆக வேண்டியிருந்தது.

மார்ச்சில் நங்கை போன் செய்தார். "ஒரு வாரத்துக்கு வா புள்ள, ஆஸ்பத்திரில ஆள் வேணும்." நான்கு புடவையை ஒரு பையில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினேன்.

அந்தப் பை இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. புடவையை அதிலிருந்து எடுத்து உடுத்துகிறேன். துவைத்துக் காயவைத்து மடித்து அதற்குள்ளேயே வைக்கிறேன். பீரோவில் என் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. நங்கை அதைப் பார்த்துவிட்டுப் போவார், எதுவும் சொல்ல மாட்டார்.

கல்லூரி முதல்வர் நல்லவர். டிசம்பர் முதல் தேதி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் சேராவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க என்றார். தப்பாக நினைக்க ஒன்றுமில்லை.

செப்டம்பர் 10, புதன்

பயிற்சிக்குப் பத்து வாக்கியங்கள் தேர்ந்தெடுத்தோம். தினமும் தேவைப்படுகிறவையாக இருக்க வேண்டும் என்றாள் மெர்லின். தண்ணி வேணும். பசிக்குது. கால் வலிக்குது. கக்கூஸ் போகணும். லைட்டை அணை. இப்படி ஒன்பது.

"பத்தாவது மட்டும் சாரோட மனசுக்கு நெருக்கமா ஒண்ணு இருக்கட்டும். அது நல்லா ஒட்டிக்கும்."

நான் யோசிப்பதற்குள் நங்கை என் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

"'போகாத ருக்கு'ன்னு வையி கண்ணு."

மெர்லினுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஏதோ புதுமணத் தம்பதியைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு. போ-கா-த-ருக்-கு. மெட்டுக்கும் உக்காருது. என்ன சார், வச்சுக்கலாமா?"

"வேண்டாம்" என்றார்.

"அவன் எதுக்குத்தான் அதைச் சொல்லல?" என்றார் நங்கை.

மெர்லின் எனக்கு விளக்கினாள். இப்படி ஒரே சொல் மிஞ்சி நிற்பது பலருக்கு உண்டாம். அது தானாக வாயில் வருவது, யோசித்துச் சொல்வதல்ல. மதிப்பெண் போடும்போதும் அதைச் சேர்க்க மாட்டார்கள். "நீங்களும் அதைக் கணக்குல எடுக்க வேண்டாம் அக்கா" என்றவள், தானே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம்.

அவர் இந்த முறை சிரிக்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. மாவு அரைத்தேன். கரன்ட் போய்ப் போய் வந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

பயிற்சி இப்படித்தான். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அவருடைய இடது கையை என் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் வாக்கியத்தின் மெட்டை மட்டும் முனகிக்காட்ட வேண்டும். மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம், இரண்டே இரண்டுதான். ஒவ்வோர் அசைக்கும் அவர் கையை மேசையில் ஒரு தட்டு. பிறகு சொற்களோடு நான் பாட வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு நடுவில் நான் நிறுத்திவிட, அவர் மட்டும் தொடர வேண்டும். தட்டுவதற்கு இடது கை என்பது அந்தக் கை மட்டும் நன்றாக இருப்பதால் அல்ல. இடது கையை ஆட்டுவது மூளையின் வலப்பக்கம், அதையும் கூட இழுத்துவிடத்தான் என்றாள் மெர்லின்.

கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. உள்ளங்கையில் இரும்புத்தூள் ஏறிய கறுப்புக் கோடுகள் இன்னும் போகவில்லை.

சமையலறையில் பாடக்கூடாதவள், கூடத்தின் நடுவில் உட்கார்ந்து தினமும் காலையும் மாலையும் பாடுகிறேன். கக்கூஸ் போகணும் என்று.

இன்று நான் நிறுத்திய இடத்தில் அவர் நிற்கவில்லை. 'தண்ணி' என்று விட்டேன். 'வே-ணும்' என்று இரண்டு சுரத்திலும் சரியாக இறங்கி வந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு வேறொரு சொல். அவருக்கே நம்ப முடியவில்லை. வாயைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். தாகம் இல்லாமலேயே முழுதும் குடித்தார்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன்.

பத்தாவது வாக்கியத்துக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். "வேண்டாம்." மெர்லினுக்கு அனுப்பும் குறிப்பில் 'சோர்வு' என்று போட்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பட்டறையை இப்போது அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் பார்த்துக்கொள்கிறார். கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். லேத்துக்குப் பொட்டு வைத்து, பொரி படைத்து, ஒரு நிமிடம் ஓடவிட்டார்கள். அது ஓடிய சுருதியில் அவர் முனகினார். பிசகே இல்லை. வீட்டில் என் பாட்டை வேண்டாம் என்றவருக்கு இவ்வளவு நல்ல காது இருந்திருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பினால் கூடம் நிறைய ஒறம்பரை. அவர் பாடுகிறார் என்று நங்கை எல்லாச் சொந்தங்களுக்கும் சொல்லிவிட்டார். ஆளாளுக்கு, "சென்னி, தண்ணி கேளு பாக்கலாம்", "பசிக்குதுன்னு பாடு" என்கிறார்கள். அவரும் பாடினார். கை தட்டினார்கள். பொரி தின்றுகொண்டே ஒரு சித்தப்பா என்னிடம், "இதுக்குத்தான் பொண்டாட்டி வேணும்ங்கறது. இனிக் கரூருக்கெல்லாம் போகமாட்டயல்ல அம்மிணி?" என்றார்.

"டீ எடுத்துட்டு வரேனுங்க" என்று எழுந்து போனேன்.

சாயங்காலம் புனேயிலிருந்து மகன் கிருபா பேசினான். "அம்மா, உன் குரலாலதான் அப்பாவுக்குப் பேச்சு வருதாம்மா? அத்தை அழுதுட்டே சொன்னாங்க. இந்த நேரத்துல நீ..." என்று நிறுத்தினான். நான் விட்ட இடத்தில் அவர் தொடர்வதுபோல நான் தொடரவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று பத்தாவது வந்துவிட்டது.

நங்கை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் கையை இழுத்தபோது நங்கை அதைப் பிடித்து மறுபடி என் கையில் வைத்தார். "டேய், கூச்சப்படாதடா. உன்ற பொண்டாட்டிகிட்டத்தான சொல்ற." நான் முனகினேன். பாடினேன். சேர்ந்து பாடினோம். 'போகா' என்று விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு 'த-ருக்-கு' என்று முடித்தார். பிறகு முழுதாக, தனியாகவும் ஒருமுறை.

போகாத ருக்கு.

நங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "கேட்டியா? கேட்டியா புள்ள? என்ற தம்பி வாயத் தொறந்து கேட்டுட்டான். இனியென்ன வேணும் உனக்கு?" பத்து நிமிடத்தில் அது குடும்ப வாட்ஸாப்பில் போய்விட்டது. கும்பிடும் கைகளும் அழும் முகங்களுமாக வந்துகொண்டே இருந்தன. கரூரிலிருந்து கீழ்வீட்டு அம்மாவும் போன் செய்தார், செடி ஒன்று பட்டுப்போய்விட்டது என்று சொல்ல.

என் கணவர் என்னைப் போகாதே என்று சொன்னதே இல்லை. நான் கிளம்பிய அன்றும் சொல்லவில்லை. இன்று சொன்னதும் நான் ஒரு மாதமாக அவர் வாயில் ஊட்டியது. என் சொல், என் மெட்டு, என் மூச்சு. நானே கயிறு திரித்து நானே கட்டிக்கொண்டதுபோல இருக்கிறது. இதை யாரிடம் சொன்னாலும் என்ன நெஞ்சு இவளுக்கு என்பார்கள்.

நங்கை போன பிறகு, "வேண்டாம், வேண்டாம்" என்று மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிரஷர் ஏறிவிடுமோ என்று பயந்து மாத்திரை கொடுத்தேன். தூங்கிவிட்டார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு ஒரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போய் மற்றக் காதை நான் பொத்தினேன்.

அக்டோபர் 29, புதன்

இரண்டாம் பாதி தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. இப்போது நான் பாடக்கூடாது. மெர்லினின் குரல் போனில் பதிவாக இருக்கிறது. நான் கையை மட்டும் பிடித்துத் தட்டுகிறேன். புதிதாகச் சில வாக்கியங்களும் உண்டு.

அந்தக் குரலோடும் பாடுகிறார். சில வாக்கியங்கள் என்னோடு பாடியதைவிடச் சீக்கிரமாகவே வந்துவிட்டன.

இன்று குறிப்புகளைக் கொடுக்க நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மெர்லின் கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "வருத்தப்படாதீங்க அக்கா. உங்க குரலுக்கும் என் குரலுக்கும் சார்கிட்ட பெரிய வித்தியாசம் தெரியல. மத்தவங்களையும் பாத்துட்டுத்தான் முடிவா சொல்ல முடியும். தாளமும் தினசரிப் பழக்கமும்தான் வேலை செய்யுதோ என்னவோ."

வருத்தம்! பஸ் நிறுத்தம் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் நெஞ்சில் ஏதோ கழன்று விழுந்ததுபோல இருந்தது. என் குரல் இல்லாவிட்டாலும் அவருக்குப் பேச்சு வரும். அப்படியானால் இத்தனை வாரமும் அந்த மேசையில் உட்கார்ந்து நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

நங்கையிடம் சொல்லவில்லை. "பொண்டாட்டி கொரலாட்டம் வருமா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

மெர்லின் குரலில் பத்தாவது வாக்கியம் வந்ததும் இடது கையால் போனையே அணைத்துவிட்டார். வேண்டாம். குறிப்பில்: சோர்வு.

நவம்பர் 6, வியாழன்

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து "வேண்டாம்" என்று சத்தம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு காபி கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். திரும்பி சமையலறைக்கு வந்த பிறகுதான் நின்றேன்.

அவர் காபி கேட்டார் என்று எனக்கு எப்படித் தெரிந்தது?

முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்க்கவில்லை. சொல் அதே சொல். ஆனால் கடைசியில் 'டாம்' மேலே போய் நின்றது, கேள்வி கேட்பதுபோல. அது காபி.

அதன் பிறகு நாள் முழுக்க வேலை ஓடவில்லை. ஒட்டுக்கேட்பவள்போல அலைந்தேன். டிவியில் சேனல் மாற்றச் சொல்லும் வேண்டாம், ஒரே சுரத்தில் வெட்டி நிற்கும். கால் வலிக்கும் வேண்டாம், நடுவில் இழுபடும். உண்மையாகவே வேண்டாம் என்கிற வேண்டாமும் ஒன்று இருக்கிறது. அது மேலிருந்து பொத்தென்று விழும். மார்ச்சிலிருந்து இதற்கெல்லாம் நான் சரியான பதில் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். அவர் முறைத்த நாட்கள் எல்லாம் நான் சொல்லைக் கேட்ட நாட்கள்.

பொழுதோட, விளக்கு வைக்கும் நேரத்தில், நங்கை "வரேன்டா சென்னி" என்று கிளம்பினார். "வேண்டாம்" என்றார். சட்டென்று நிமிர்ந்தேன். அது அவருடைய பழைய 'சரி, கெளம்பு.' என்னை ஊருக்குப் பஸ் ஏற்றிவிடும்போதெல்லாம், பைக்கிலிருந்து இறங்காமல் அப்படித்தான் சொல்வார். முதலில் கொஞ்சம் தாழ்ந்து, பிறகு லேசாகத் தூக்கி, கடைசியில் கையை விடுவதுபோல. இப்போது சொல் மட்டும் வேறு. மெட்டு அப்படியே இருக்கிறது.

நவம்பர் 8, சனி

மெர்லினுக்குப் போன் செய்து கேட்டேன். ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் மூளையின் வலப்பக்கம்தான் பார்த்துக்கொள்கிறது, அது தப்பித்திருக்கலாம் அக்கா என்றாள்.

"அப்ப நீங்க ஏன் அதைக் கணக்குல எடுக்கறதில்ல?"

"எங்க அட்டவணையில வார்த்தைக்குத்தான் கட்டம் இருக்கு" என்றாள்.

பத்தாவது வாக்கியத்துக்கு அவர் சொல்லும் வேண்டாம் இவை எதிலும் சேராது. தாழத் தொடங்கி, தாழவே நடந்து, தாழவே நிற்கும். அதை இதற்கு முன் எங்கே கேட்டேன் என்று இன்று ஞாபகம் வந்தது. பல வருடத்துக்கு முன் பட்டறை வாசலில் எண்ணெய் வழுக்கி விழுந்தார். ஆட்கள் தூக்க ஓடி வந்தார்கள். வேண்டாம் என்றார், இதே மெட்டில். அவராகவே சுவரைப் பிடித்து எழுந்து நின்றார்.

துணி காய்ந்துவிட்டது. மடிக்க வேண்டும்.

நவம்பர் 21, வெள்ளி

கடைசிப் பரிசோதனை. சின்ன அறை. கேமராவை ஓர் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். மெர்லின் அவருக்கு எதிரில். நங்கையும் நானும் சுவரோரம். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார் நங்கை.

மெர்லின் கேள்வி கேட்பாள், அவர் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். தண்ணி வேணும் இப்போது பாட்டு இல்லாமல், பேச்சாகவே வந்தது. பசிக்குதும் அப்படியே. ஒன்பதும் நன்றாக முடிந்தன.

"பத்தாவது சார். அக்கா வெளிய கெளம்பறாங்க. நீங்க என்ன சொல்வீங்க?" மெட்டை லேசாக முனகிக்காட்டினாள்.

"வேண்டாம்."

"இன்னொரு தடவை பாக்கலாம்."

"வேண்டாம்." தாழத் தொடங்கி, தாழவே நின்றது.

"டேய் சென்னி, அன்னைக்கு அவ்வளவு அருமையாச் சொன்னயல்ல? சொல்றா சாமி" என்றார் நங்கை. மெர்லின் பேனாவை எடுத்தாள். அவள் கை சைபர் போடப் போகும் இடம் எனக்குத் தெரிந்தது.

"அதுக்கு மார்க் போடுங்க மெர்லின்" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "அவர் பதில் சொல்லிட்டார்."

"அக்கா, அது தானா வர்ற வார்த்தை..."

"வார்த்தையை விடுங்க. மெட்டைக் கேளுங்க." எழுந்து போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடிக்கவில்லை. "ஏனுங்க, இந்த வாக்கியம் உங்களுக்கு வேணுங்களா?"

"வேண்டாம்." பொத்தென்று விழுந்தது.

"எடுத்துறட்டுங்களா?"

"வேண்டாம்." கடைசியில் மேலே போய் நின்றது.

"ரெண்டும் ஒண்ணுதான புள்ள? என்னத்தக் கேக்கற நீ?" என்றார் நங்கை.

கேமராவில் பதிவானதை மெர்லின் திரும்பப் போட்டாள். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. நங்கை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் மாறியது.

"ரெண்டாவது..." என்று மெதுவாகச் சொன்னார். "ரெண்டாவது காப்பிக்குச் சொல்றது."

அவர் என்னைப் பார்த்தார். மார்ச்சுக்குப் பிறகு, இல்லை, அதற்கும் முன்னாலிருந்தே, அப்படி நேராகப் பார்த்ததில்லை. மெர்லின் அட்டவணையில் எதையும் எழுதாமல் பேனாவை மூடி வைத்தாள்.

திரும்பும்போது வாடகைக் காரில் அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில், நாங்கள் பின்னால். நங்கை சிங்காநல்லூர் தாண்டியதும் சொன்னார்.

"அவன் சொல்லாட்டியும் நீ இருக்கோணுமல்ல?"

இத்தனை மாதத்தில் நங்கை கேட்ட நேர்மையான கேள்வி இதுதான். சொன்னேன்: "தெரியலீங் நங்கை."

"எனக்கும்தான் தெரியல, போ" என்றார். பட்டுப் புடவை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நவம்பர் 24, திங்கள்

கிளம்பப்போவதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 26, புதன்

காலையில் வந்து குளிக்க வைத்து நடக்க வைக்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறார். மெர்லினின் பதிவு நங்கையின் போனில் ஏற்றியாயிற்று. கை பிடித்துத் தட்டக் கற்றுக்கொடுத்தேன். "இவனைத் தொட்டுப் பாடறதுக்கு எனக்கு வெக்கமா இருக்குது" என்று முனகிக்கொண்டே நங்கை கற்றுக்கொண்டார். சுருதி சேரவே இல்லை. அவர் அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார், ஆனாலும் சேர்ந்து பாடினார்.

எந்த வேண்டாம் எதற்கு என்று நங்கைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் அவருக்கே தெரிந்திருந்தது.

சனி ஞாயிறு வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகு, ஏன் சொன்னேன் என்று யோசித்தேன். அவருக்காகவா, எனக்காகவா என்று இரண்டு விதமாகவும் யோசித்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது.

மதியம் சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். "நாளைக்குக் காலேஜ்ல சேரோணுங்க. இன்னைக்குக் கெளம்பறேன்." சாப்பிட்ட தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தேன். அடுக்க ஒன்றும் இல்லை. எட்டு மாதமாக அடுக்கியேதான் இருந்தது.

நான் கூடத்துக்கு வரும்போது அவர் அங்கே இல்லை. கைத்தடியை ஊன்றி கேட் வரை தானே நடந்து போயிருந்தார். பின்னாலேயே நங்கை, விழுந்துவிடுவாரோ என்று இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, ஆனால் தொடாமல்.

"போய்ட்டு வரேனுங்க" என்றேன்.

வாயைத் திறந்தார். எதையோ தேடுவது தெரிந்தது. இடது கை தடியின் மேல் ஒருமுறை தட்டியது, நின்றது. நான் எடுத்துக்கொடுக்கவில்லை. முனகவும் இல்லை.

"வேண்டாம்" என்றார்.

முதலில் கொஞ்சம் தாழ்ந்து, பிறகு லேசாகத் தூக்கி, கடைசியில் கையை விடுவதுபோல.

நங்கை என்னைப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருந்தது. "போ புள்ள, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

இப்போது காங்கேயம் தாண்டிவிட்டது. ஜன்னல் ஓரம், நல்ல காற்று. பட்டுப்போன செடிக்குப் பதில் என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரமாக மடியிலிருக்கும் பையின் மேல் என் இடது கை தட்டிக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸின் குலுக்கல் என்று நினைத்தேன். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. கை நிற்கவில்லை.

என்ன வாக்கியம் என்று கவனித்தேன். மேலே இரண்டு, கீழே ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஐந்து தட்டு. பத்தாவது.

அவரைவிட அதிகமாக அதைப் பாடியவள் நான்தான்.